மியூசிக் வீடியோ ப்ராஜெக்டா? கேமராவுக்கு முன்னால் பாட்டைப் பிரித்துப் போடுங்கள்

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) படிக்கிறீர்கள், இந்த செமஸ்டருக்கு ஒரு மியூசிக் வீடியோ எடுத்துத் தரச் சொல்லிவிட்டார்கள், குழுவில் டைரக்டர் என்று உங்கள் பெயரை எழுதிக் கொடுத்தாயிற்று. இந்தக் கட்டத்தில் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் பல குழுக்கள் செய்கிற முதல் வேலை கேமரா வாடகை விசாரிப்பது. அடுத்தது, வண்டி எடுத்துக்கொண்டு ஆழியாருக்கோ கொடிவேரிக்கோ லொக்கேஷன் பார்க்கப் போவது. இரண்டும் பின்னால் வர வேண்டியவை. குறும்படத்துக்கு இல்லாத ஒரு வசதி மியூசிக் வீடியோவுக்கு இருக்கிறது: எவ்வளவு நீளம், என்ன வேகம், எங்கே ஏறுகிறது, எங்கே அடங்குகிறது என்பதெல்லாம் பாட்டிலேயே முடிவாகிவிட்டது. அதைத் தாளில் இறக்கிவிட்டால் எத்தனை ஷாட், எத்தனை இடம், எத்தனை மணி நேரம் என்று அதிலிருந்தே கணக்கு வந்துவிடும். எந்தப் படிவத்தையும் நிரப்புவதற்கு முன்னால் அந்தத் தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

எந்தப் பாட்டு, யாருடைய பாட்டு

பிடித்த சினிமாப் பாட்டை எடுத்துக்கொள்ளத்தான் மனசு போகும். பாடத்தின் போக்கில் ஆசிரியரும் மாணவரும் ஒரு படைப்பைப் பயன்படுத்திக்கொள்ள 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆம் பிரிவில் சில விலக்குகளைத் தருகிறது. ஆனால் அதே வீடியோவை யூடியூபில் ஏற்றினால் கதை வேறு. தானியங்கி முறையிலேயே உரிமை கோரல் வந்து நிற்கும், சில சமயம் வீடியோவே முடக்கப்படும். படித்து முடித்து வேலை தேடும்போது காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப் போவதே இந்த மாதிரி இரண்டு மூன்று வீடியோதான், அதை வெளியே காட்ட முடியாமல் வைத்திருப்பதில் என்ன பயன்?

ஒரு பாட்டில் வரிக்குத் தனி உரிமை, மெட்டுக்குத் தனி உரிமை, பதிவுக்குத் தனி உரிமை. பாரதியார் 1921இல் காலமானார், அவர் பாடல் வரிகள் இன்றைக்கு எல்லோருக்கும் பொது. ஆனால் அதே வரியைப் போன வருடம் ஒருவர் மெட்டுப் போட்டு, ஒருவர் பாடி, ஒரு கம்பெனி வெளியிட்டிருந்தால் அந்த மெட்டும் பதிவும் பொது ஆகிவிடாது. ஒலிப்பதிவுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 வருடம் உரிமை உண்டு. நாட்டுப்புறப் பாட்டுக்கும் இதுதான். வள்ளி கும்மி மெட்டு ஊருக்கே சொந்தமாக இருக்கலாம், கும்மி ஆசிரியர் தானே கட்டிய வரிகள் அவருக்குச் சொந்தம். கொங்கு நாட்டுக் கதைப்பாடலான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுகிற கலைஞரிடம் செல்போனில் பதிவு செய்துகொண்டு வந்து அப்படியே போட்டுவிடக் கூடாது. அவரிடம் என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, கையெழுத்து வாங்கி, கையில் பணமும் கொடுத்துவிட்டு எடுங்கள். மாணவர் ப்ராஜெக்ட்தானே என்று கலைஞரிடம் இலவசமாகக் கேட்பது எனக்குப் பிடிக்காத பழக்கம். கேமராவுக்கு வாடகை கொடுக்கிறோம் அல்லவா?

என் யோசனை இதுதான். உங்கள் கல்லூரியிலோ பக்கத்துக் கல்லூரியிலோ சொந்தமாகப் பாட்டுப் போட்டுவிட்டு, வீடியோ எடுக்க ஆள் இல்லாமல் காத்திருப்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்களோடு சேருங்கள். ஒரு பக்கத்தில் கடிதம் போதும்: எந்தப் பாட்டு, எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர் யார், எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் (மதிப்பெண், திரைவிழா, யூடியூப் மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள்), அவர்கள் அந்த வீடியோவைத் தங்கள் சேனலில் போட்டுக்கொள்ளலாமா. பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும்.

பாட்டை வாங்கும்போது நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள். இறுதி மிக்ஸ், எம்பி3 ஆக இல்லாமல் 48 கிலோஹெர்ட்ஸ் வேவ் ஃபைலாக. குரல் இல்லாத டிராக். டைப் செய்த வரிகள். நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற எண். இனிமேல் பாட்டில் எதுவும் மாறாது என்று இசையமைத்தவர் வாயால் சொன்ன பிறகே ஷூட்டிங் தேதி குறியுங்கள். ஒரு வரியைத் திரும்பப் பாடி மாற்றினாலும் எடுத்து வைத்த உதட்டசைவு மொத்தமும் வீணாகிவிடும்.

பாட்டைப் பிரிப்பது

இந்த வேலைக்கு ஒரு சாயங்காலம் முழுக்க ஒதுக்குங்கள். ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, முதல் இரண்டு தடவை எதையும் எழுதாமல் கேளுங்கள். மூன்றாவது தடவை நொடியைப் பார்த்துக்கொண்டே எழுத ஆரம்பியுங்கள்: முன்னிசை எங்கே முடிகிறது, பல்லவி எங்கே தொடங்குகிறது, இடையிசை, சரணம், கடைசியில் பல்லவி திரும்ப வரும் இடம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 100 பீட், நான்கு பீட்டுக்கு ஒரு சுற்று என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பீட் 0.6 நொடி, ஒரு சுற்று 2.4 நொடி. நொடிக்கு 25 ஃப்ரேமில் எடுத்தால் ஒரு பீட் சரியாக 15 ஃப்ரேம், ஒரு சுற்று 60 ஃப்ரேம். பாட்டு 3 நிமிடம் 36 நொடி என்றால் மொத்தம் 90 சுற்று. சராசரியாக இரண்டு சுற்றுக்கு ஒரு ஷாட் மாற்றினால் 45 ஷாட் வேண்டும், ஒவ்வொரு சுற்றுக்கும் மாற்றினால் 90. ஒரே நாளில் கற்றுக்குட்டிக் குழு ஒன்று ஒழுங்காக எடுக்கக்கூடியது 45ஆ 90ஆ என்று உங்களுக்கே தெரியும். ஷாட் லிஸ்ட் என்பது இந்தக் கணக்கிலிருந்து இறங்கி வர வேண்டிய சாமான். தோன்றியதையெல்லாம் எழுதிக்கொண்டே போனால் பட்டியல் 130 ஷாட்டில் போய் நிற்கும், அதில் பாதி எடுக்கப்படாமலே போகும்.

கும்மி மாதிரி தகிட தகிட என்று மூன்று மூன்றாக ஓடுகிற பாட்டாக இருந்தால் சுற்றை அதற்கேற்ற மாதிரி எண்ணுங்கள், நான்கில் போட்டுத் திணிக்காதீர்கள். கைதட்டு எங்கே விழுகிறதோ அங்கேதான் கண் ஒரு மாற்றத்தை எதிர்பார்க்கும்.

இப்போது தாளில் கோடு போட்டு ஐந்து கட்டம்: நேரம், வரி, காதில் என்ன கேட்கிறது, கண்ணில் என்ன தெரிய வேண்டும், இடம். மூன்றாவது கட்டத்தில்தான் பலர் சோம்பல்படுவார்கள். ‘இசை’ என்று எழுதி விட்டுவிடாதீர்கள். ‘புல்லாங்குழல் தனியாக’, ‘பறை நின்றுவிட்டது, மூச்சு மட்டும் கேட்கிறது’, ‘பின்னணியில் பெண் குரல் சேர்கிறது’ என்று எழுதுங்கள். பறை நிற்கிற அந்த ஒன்றரை நொடியில் திரையில் என்ன நடக்கிறது என்பதற்கு உங்களிடம் பதில் இருந்தால் நீங்கள் டைரக்டர். எல்லா பீட்டிலும் கட் வைக்க வேண்டும் என்று ஒரு நம்பிக்கை ஓடிக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்காதீர்கள். முதல் இருபது நொடியிலேயே கண் களைத்துவிடும். முன்னிசைக்கு நீளமான ஷாட், சரணத்தில் கொஞ்சம் வேகம், கடைசிப் பல்லவிக்கென்று சேமித்து வைத்த வேகம் என்று ஏற்றிக்கொண்டு போனால்தான் பாட்டு ஏறும்போது படமும் கூடவே ஏறும்.

கருத்தை ஒரே வரியில் எழுதிப் பாருங்கள்

ட்ரீட்மென்ட், அதாவது வீடியோ எப்படிப் போகும் என்கிற விவரிப்பு, இரண்டு பக்கம் எழுதச் சொல்வார்கள், அது இருக்கட்டும், முதலில் ஒரு வரி. பைக், மலைப்பாதை, காதல் தோல்வி, கடைசியில் கல்லறை என்று போகிற வீடியோ போதுமான அளவு இருக்கிறது. நம்மைச் சுற்றி இருப்பதைப் பாருங்கள்: சோமனூர்ப் பக்கத்து விசைத்தறி, திருப்பூர் பனியன் கம்பெனிகளின் ராத்திரி ஷிஃப்ட், ஈரோட்டு மஞ்சள் மண்டி, காங்கேயம் காளை வளர்க்கிற வீடு, உடுமலைக் காற்றாலைகளுக்குக் கீழே ஆடு மேய்க்கிறவர். ‘தறி ஓட்டுகிற பெண் தனக்குள் பாடிக்கொண்டிருக்கும் பாட்டு, தறி நின்றதும் முதல் முறையாக எல்லோருக்கும் கேட்கிறது’ என்று ஒரு வரி கிடைத்துவிட்டால் மீதி வேலை எளிது. ஒரு ஆள், ஒரு இடம், ஒரு மாற்றம். மாணவர் பட்ஜெட்டுக்கு அது தாங்கும், மூன்றரை நிமிடத்துக்கும் அது போதும்.

இடம், வெளிச்சம், காற்று

வெளிச்சத்தைப் பற்றி மேற்குத் தொடர்ச்சி மலை ஓரத்தில் படம் எடுப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. போன் ஆப் சூரியன் மறையும் நேரம் 6.20 என்று காட்டும். ஆழியாரிலோ தொண்டாமுத்தூருக்கு மேற்கேயோ மலை அடிவாரத்தில் நின்றால் அதற்கு வெகு முன்னாலேயே சூரியன் மலைக்குப் பின்னால் போய்விடும். மஞ்சள் வெயிலுக்காக ஐந்தரை மணி வரைக்கும் காத்திருந்தால் நிழல்தான் கிடைக்கும். அந்தப் பக்கங்களில் காலை வெயிலை நம்புங்கள். கிழக்குச் சமவெளியிலிருந்து வருகிற முதல் வெளிச்சம் மலை முகத்தில் நேராக விழும். தாராபுரம், காங்கேயம் பக்கம் திறந்த மேட்டுக்காடு என்றால் மாலையும் கிடைக்கும். எந்த இடமாக இருந்தாலும், எடுக்கப் போகிற அதே நேரத்துக்கு ஒரு தடவை முன்கூட்டியே போய் நின்று போனில் ஒரு நிமிடம் எடுத்துப் பாருங்கள்.

தென்னந்தோப்பு கண்ணுக்குக் குளிர்ச்சி, கேமராவுக்குக் கஷ்டம். உச்சி வெயிலில் கீற்று இடுக்கு வழியாக வெளிச்சம் முகத்தில் திட்டுத்திட்டாக விழும். தலைக்கு மேலே ஒரு வெள்ளை வேட்டியை நான்கு பேர் விரித்துப் பிடித்தால் அந்தத் திட்டு கரைந்துவிடும். கீழிருந்து தெர்மாகோல் அட்டையால் முகத்துக்குக் கொஞ்சம் வெளிச்சம் தூக்கிக் கொடுங்கள். ஆனால் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றில் தெர்மாகோலும் நிற்காது, வேட்டியும் நிற்காது, லைட் ஸ்டாண்டை மண் மூட்டை வைத்துக் கட்டாவிட்டால் அதுவும் சாயும். அந்த மாதங்களில் எடுப்பதானால் காற்றையே கதையில் சேர்த்துக்கொள்ளுங்கள், பறக்கிற சேலை, ஆடுகிற கீற்று, ஓடுகிற காற்றாலை எல்லாம் காசில்லாமல் கிடைக்கிற அசைவு. ஐப்பசி, கார்த்திகையில் ஷூட்டிங் என்றால் மழைக்கு ஒரு மாற்று நாளைக் கையில் வைத்துக்கொண்டே தேதி குறியுங்கள்.

தோப்பில் மோட்டார் ரூம் இருக்கிறதே, அதில் லைட்டை மாட்டிக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள். விவசாய மின் இணைப்பு பாசனத்துக்காக இலவசமாகத் தரப்படுவது, அதில் வேறு வேலைக்கு எடுத்தால் வம்பு தோட்டக்காரருக்குத்தான். பேட்டரி லைட் கொண்டுபோங்கள், அல்லது பகல் வெளிச்சத்திலேயே முடியுங்கள்.

அனுமதியைப் பொறுத்தவரை, கல்லூரிக் கடிதம் ஒன்று கையில் எப்போதும் இருக்கட்டும், துறைத் தலைவர் கையெழுத்தோடு. கோவை, திருப்பூர், சேலம் நகருக்குள் ரோட்டில் எடுப்பதானால் மாநகரக் காவல் ஆணையர் அலுவலகம், வெளியே என்றால் அந்த ஊர்க் காவல் நிலையத்திலிருந்து தொடங்குங்கள். கோயில் என்றால் அறநிலையத் துறை. ரயில் நிலையத்தில் எடுக்க ரயில்வே அனுமதி வேண்டும், அதிலும் கோவை, திருப்பூர், ஈரோடு சேலம் கோட்டத்தில் வரும், பொள்ளாச்சி பாலக்காட்டுக் கோட்டத்தில் வரும், தப்பான அலுவலகத்துக்கு எழுதி நாளைக் கடத்தாதீர்கள். ஆனைமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களுக்குள் எடுக்கும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அந்த அலைச்சல் தேவையில்லை, காப்பகத்துக்கு வெளியே தனியார் தோப்பிலிருந்து அதே மலை தெரியும். ட்ரோன் வைத்திருக்கும் நண்பர் வருகிறேன் என்றால் பறக்கவிடும் இடத்தை டிஜிட்டல் ஸ்கை என்கிற அரசின் ட்ரோன் தளத்தில் உள்ள வரைபடத்தில் முதலில் பாருங்கள். 250 கிராமுக்குள் இருக்கும் நானோ ட்ரோனுக்கு 2021 விதிகளின்படி பைலட் சான்றிதழ் வேண்டாம், ஆனால் தடை மண்டலம் எல்லா ட்ரோனுக்கும் பொருந்தும். பீளமேட்டில் விமான நிலையமும் சூலூரில் விமானப்படைத் தளமும் இருக்கிற ஊர் இது.

தனியார் இடம் என்றால் நேரில் போய்ப் பேசுங்கள், போனில் வேண்டாம். “ஏனுங்கண்ணா, நாங்க காலேஜ் பசங்கங்க, பரீட்சைக்கு ஒரு பாட்டு எடுக்கோணுமுங்க, காலைல ஆறு மணிக்கு வந்தா பத்துக்கெல்லாம் கெளம்பிருவோமுங்க” என்று எத்தனை பேர், எத்தனை மணி நேரம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால் பாதிப் பேர் சரி என்பார்கள். பனியன் கம்பெனியில் மறுப்பார்கள், அதற்குக் காரணம் உண்டு. உள்ளே தைத்துக்கொண்டிருப்பது துணி வாங்குகிற வெளிநாட்டு கம்பெனியின் டிசைனாக இருக்கும், வெளிவராத லேபிளைக் கேமராவில் காட்ட அவர்களால் முடியாது. சாம்பிள் துண்டுகளையும் லேபிளையும் ஃப்ரேமில் வராமல் வைக்கிறோம், எடுத்ததை அங்கேயே காட்டிவிட்டுப் போகிறோம் என்று சொல்லிப் பாருங்கள்.

தறிச் சத்தத்துக்கு நடுவே பாட வைப்பது எப்படி

ப்ளேபேக்தான் மியூசிக் வீடியோவின் உயிர். பாட்டு ஸ்பீக்கரில் ஓடும், நடிப்பவர் கூடவே வாய்விட்டுப் பாட வேண்டும், உதட்டை மட்டும் அசைத்தால் தொண்டை நரம்பு அசையாது, க்ளோசப்பில் பொய் தெரிந்துவிடும். கேமராவும் அந்தச் சத்தத்தைப் பதிவு செய்துகொண்டிருக்க வேண்டும், எடிட்டிங்கில் அதை வைத்துத்தான் ஒரிஜினல் பாட்டோடு பொருத்துவோம். பாட்டுக்கு முன்னால் அதே வேகத்தில் நான்கு ‘டிக்’ சேர்த்து ஒரு ப்ளேபேக் பிரதி தயாரித்துக்கொள்ளுங்கள், நடிப்பவருக்கு ஆரம்பம் பிடிபடும். பல்லவி, ஒவ்வொரு சரணம் என்று தனித்தனித் துண்டாகவும் வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் இரண்டாம் சரணத்தை எடுக்க ஒவ்வொரு தடவையும் முன்னிசையிலிருந்து ஓட்டிக்கொண்டிருப்பீர்கள்.

தூரத்து ஷாட்டில் ஒரு சிக்கல் வரும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 345 மீட்டர் போகும், அதாவது 25 ஃப்ரேமில் ஒரு ஃப்ரேம் நேரத்துக்குள் 14 மீட்டர்தான். ஸ்பீக்கர் நடிப்பவர் பக்கத்தில், கேமரா 40 மீட்டர் தள்ளி இருந்தால் கேமராவுக்குப் பாட்டு கிட்டத்தட்ட மூன்று ஃப்ரேம் தாமதமாகக் கேட்கும். அதை நம்பிப் பொருத்தினால் உதடு முந்திக்கொண்டு ஓடும். தூர ஷாட்டில் சத்தத்தை விட்டுவிட்டு உதட்டைப் பார்த்தே பொருத்துங்கள்.

விசைத்தறிக் கூடத்தில் ஸ்பீக்கரே கேட்காது. கம்பி இயர்போனைச் சட்டைக்குள்ளே விட்டு, கேமராவுக்குத் தெரியாத பக்கத்துக் காதில் மாட்டிவிடுங்கள். அதே போனிலிருந்து ஒரு ஸ்ப்ளிட்டர் போட்டு இன்னொரு கம்பியைச் சின்ன ரெக்கார்டருக்குக் கொடுத்து (அதன் மைக்கும் சேர்ந்து பதிவாக வேண்டும்), டேக் தொடங்கும்போது கேமராவிலும் ரெக்கார்டரிலும் ஒன்றாகப் பதிவாகிற மாதிரி பலமாக ஒரு க்ளாப் அடியுங்கள். ப்ளூடூத் இயர்பட்ஸ் வேண்டாம், தாமதம் எவ்வளவு என்று கையில் பிடிக்க முடியாது. தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்பதற்கு முன்னால் யோசியுங்கள்: ஓட்டுகிற மீட்டருக்குத்தான் அங்கே கூலி, அரை மணி நேரம் தறி நின்றால் அந்த அரை மணிக் கூலியும் நின்றுவிடும். பாவு (தறியில் நீளவாட்டில் ஓடும் நூல்) தீர்ந்து புதுப் பாவு ஏற்றுகிற நேரத்தை விசாரித்து அதில் க்ளோசப்பை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் நிற்கிற நேரத்துக்கான கூலியைப் பட்ஜெட்டில் எழுதுங்கள். உள்ளே பஞ்சு பறந்துகொண்டே இருக்கும், லென்ஸைக் கழற்றி மாற்றுகிற வேலையை வெளியே வந்து செய்யுங்கள். சூடாகிற ஹாலஜன் லைட்டை அங்கே கொண்டுபோகவே கூடாது, பஞ்சு பற்றிக்கொள்ளும்.

டியூப் லைட்டின் கீழே பட்டை பட்டையாகத் துடிப்பு ஓடுவதற்கு நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதுதான் காரணம், விளக்கு நொடிக்கு 100 தடவை மங்கி எரிகிறது. ஷட்டரை 1/50 அல்லது 1/100இல் பூட்டிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். போனில் எடுப்பவர்கள் ஆட்டோவில் விடாதீர்கள். சாதாரண போன் கேமரா ஆப் ஃப்ரேம் வேகத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்பதால் பாட்டு போகப் போக உதடு விலகும், மேனுவல் வசதி உள்ள ஆப்பில் 25 என்று நிலையாக வையுங்கள். ப்ளாக்மேஜிக் கேமரா ஆப் இலவசமாகவே கிடைக்கிறது.

ஸ்லோமோஷனில் உதடு மட்டும் பாட்டோடு பொருந்துகிறதே, அது எப்படி என்று பலர் கேட்கிறார்கள். நொடிக்கு 50 ஃப்ரேமில் எடுங்கள், ப்ளேபேக்கை இரண்டு மடங்கு வேகத்தில் ஓட்டுங்கள், எடிட்டிங்கில் 25க்கு இறக்குங்கள். தலைமுடியும் சேலையும் மெதுவாக ஆடும், உதடு சரியாகப் பாடும். நடிப்பவர் இரட்டை வேகத்தில் பாடிப் பழக வேண்டும், வேகமான பாட்டுக்கு இது முடியாது. அப்போது 30 ஃப்ரேமில் எடுத்து பாட்டை 1.2 மடங்கு ஓட்டுங்கள், லேசான ஒரு மிதப்பு மட்டும் வரும்.

ஷூட்டிங் நாள்

முதல் வேலையாகப் பாட்டு முழுவதையும் ஒரே அகல ஷாட்டில் ஆரம்பம் முதல் கடைசி வரை எடுத்துவிடுங்கள். அப்புறம் இடுப்பு வரைக்கும், அப்புறம் முகம். இந்த மூன்றும் கையில் இருந்தால் மதியத்துக்கு மேல் மழை வந்தாலும் உங்களிடம் சமர்ப்பிக்க ஒரு வீடியோ இருக்கிறது. அதற்குப் பிறகுதான் ஆசைப்பட்ட ஷாட்கள். மூன்றரை நிமிடப் பாட்டை ஆறு டேக் எடுக்க இருபது நிமிடம் போதுமே என்று தோன்றும். திரும்ப நிற்க வைத்து, வியர்வை துடைத்து, ஃபோகஸ் பார்த்து எடுப்பதற்குள் இரண்டு மணி நேரம் ஓடிவிடும். எல்லோருக்கும் சாப்பாடும் தண்ணீரும் பட்ஜெட்டில் முதல் வரி. சின்னப் பிள்ளைகள் ஆடினால் பெற்றோர் கையெழுத்தும் வேண்டும், ஷூட்டிங்கில் ஒரு பெற்றோர் கூடவே இருக்கவும் வேண்டும்.

பிரித்து வைத்த தாளை டைரக்டர் கையில் வைத்துக்கொண்டு எடுத்த ஷாட்டை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வாருங்கள். வீட்டுக்கு வந்ததும் கார்டை இரண்டு இடத்தில் நகல் எடுங்கள், இரண்டையும் திறந்து பார்க்கிற வரைக்கும் கார்டை ஃபார்மேட் செய்யாதீர்கள்.

எடிட்டிங், சமர்ப்பிப்பு

டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பு போதும். ஒரிஜினல் வேவ் ஃபைலை அடியில் வைத்துப் பூட்டிவிட்டு, ஒவ்வொரு டேக்கையும் ஒலி அலையைப் பார்த்து அதன் மேல் பொருத்தி அடுக்குங்கள். எல்லா டேக்கும் பொருந்திய பிறகு கேமராச் சத்தத்தை அணைத்துவிடலாம். முதல் எடிட்டைக் கலர் போடாமல், குழுவில் இல்லாத ஒருவருக்குக் காட்டுங்கள். அவர் எந்த நொடியில் போனை எடுத்துப் பார்க்கிறார் என்று கவனியுங்கள், அந்த நொடியைத் தாளில் குறித்துக்கொண்டு போய்ச் சரி செய்யுங்கள்.

கடைசியில் டைட்டில் கார்டில் பாட்டின் உரிமையாளர்கள், இடம் தந்தவர்கள், கலைஞர்கள் பெயரை எழுத்துப்பிழை இல்லாமல் போடுங்கள், அவர்கள் எழுதிக் கொடுத்தபடியே. அனுமதிக் கடிதங்கள், ஷாட் லிஸ்ட், கால் ஷீட் (யார் எப்போது எங்கே வர வேண்டும் என்ற தாள்), பட்ஜெட் இவற்றோடு அந்தப் பிரித்துப் போட்ட தாளையும், அடித்தல் திருத்தலோடு இருப்பது இருந்தபடியே, ஸ்கேன் செய்து ஃபைலில் சேருங்கள். வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் ‘இந்த இடத்தில் ஏன் கட் வைத்தீர்கள்’ என்று கேட்டால் அந்தத் தாளில் அந்த நொடியைக் காட்டிப் பேசலாம்.